ஆறு மூச்சு

ஐந்து வினாடி மூச்சை இழுக்க வேண்டும். ஐந்து வினாடி விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். கை கால்களில் ஈசிஜி கிளிப்புகள் கவ்வியிருக்கின்றன. பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்தபடி, "இழுங்க ஐயா, நல்லா இழுங்க… இப்ப மெதுவா விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க, இயந்திரம் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் காகிதத்தைத் தள்ளிக்கொண்டே போகிறது. ஒரு நிமிடம் முடியும்போது கட்டம் போட்ட காகிதம் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தொங்குகிறது. ஊசி குத்தவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. ஆனாலும் சர்க்கரை நோயாளியின் இதயத்துக்குப் போகும் நரம்புகள் வேலை செய்கின்றனவா, பட்டுப்போய்விட்டனவா என்று அந்தக் காகிதத்தில் தெரிந்துவிடும்.

அதைப் படிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு ஸ்கேலும் பென்சிலும் போதும். ஈசிஜி காகிதத்தில் சின்னக் கட்டம் ஒன்று 0.04 வினாடி. அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளின் கூர்மையான சிகரங்களுக்கு நடுவே எத்தனை சின்னக் கட்டங்கள் என்று எண்ணி, 1500ஐ அந்த எண்ணால் வகுத்தால் அந்தக் கணத்தின் நாடி வேகம் கிடைக்கும். ஆரோக்கியமான ஒருவர் மூச்சை இழுக்கும்போது இடைவெளி 18 கட்டமாகச் சுருங்கும். அதாவது நிமிடத்துக்கு 83 துடிப்பு. விடும்போது 23 கட்டமாக விரியும், 65 துடிப்பு. வித்தியாசம் 18. ஆறு மூச்சுக்கும் இப்படிக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் 15 அல்லது அதற்கு மேல் வருவது நல்லது. பத்தோ அதற்குக் கீழோ வந்தால் நரம்பு சேதமடைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருந்தால் சந்தேகக் கேஸ். பல ஆண்டுகளாகச் சர்க்கரையோடு வாழும் சிலரின் காகிதத்தில் மூச்சை இழுத்தாலும் 16 கட்டம், விட்டாலும் 17 கட்டம். பார்ப்பதற்கு அச்சுக் கோத்ததுபோல் ஒரே சீராக இருக்கும். 'ரிதம் ரெகுலர்' என்று எழுதிக் கோப்பில் செருகிவிடத் தோன்றும். பயப்பட வேண்டியது அந்தச் சீரைப் பார்த்துத்தான்.

மூச்சோடு சேர்ந்து நாடி ஏறி இறங்குவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மன் உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847இல் சுழலும் உருளையில் ரத்த அழுத்தத்தை வரையும் கைமோகிராஃப் கருவியை உருவாக்கினார். விலங்குகள் மூச்சிழுக்கும்போது நாடி விரைவதையும் விடும்போது தளர்வதையும் முதன்முதலில் கோடாகப் பதிவு செய்தவர் அவரே. குழந்தைகளிடம் இந்த ஏற்ற இறக்கம் மிக அதிகம். பள்ளிப் பிள்ளையின் மணிக்கட்டில் விரலை வைத்து மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னால் கருவியே இல்லாமல் அதை உணரலாம். வயது கூடக்கூட இது குறைந்துகொண்டே வரும்.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டில் புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று வயிறு வரை நீளும் நரம்பு அது. இதயத்துக்குத் தானாகத் துடிக்கத் தெரியும். நரம்புகளின் தொடர்பை முழுக்க அறுத்துவிட்டால், ஓய்வில் இருக்கும்போதும் அது நிமிடத்துக்கு நூறு தடவையையொட்டித் துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான்: வேகமான, ஏற்ற இறக்கமற்ற துடிப்பு. சாதாரண மனிதருக்கு ஓய்வில் 70 இருப்பதற்குக் காரணம், வேகஸ் நரம்பு ஓயாமல் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதுதான். மூச்சை இழுக்கும்போது அந்தப் பிடி ஒரு கணம் தளர்கிறது. விடும்போது மறுபடி இறுகுகிறது.

அந்தப் பிடி வேதிப்பொருள் ஒன்றின் வழியாகத்தான் நடக்கிறது என்று காட்டியவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஓட்டோ லோவி. சோதனையின் வடிவம் அவருக்கு ஒரு கனவில் வந்தது. எழுந்து குறிப்பு எழுதி வைத்தார். காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. மறுநாள் இரவும் அதே கனவு வர, விடியும்வரை காத்திருக்காமல் எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அந்த இதயம் மிதந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் ஊற்றினார். அதுவும் தளர்ந்தது. 1921இல் வெளிவந்த இந்த ஆய்வு அவருக்கு 1936இல் நோபல் பரிசைக் கொண்டு வந்தது. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். சுரந்த அடுத்த துடிப்பிலேயே வேலையைக் காட்டி, உடனே சிதைந்துபோகும். துடிப்பை விரைவாக்கும் பரிவு நரம்புகளின் வேதிப்பொருளோ மெல்ல ஏறி மெல்லத்தான் இறங்கும். ஆகவே ஒரு மூச்சுக்குள் நாடி ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் வேகஸின் வேலை. ஈசிஜியில் கட்டம் எண்ணுகிறவர் உண்மையில் அந்த நரம்பின் உயிர்ப்பை எண்ணுகிறார்.

சர்க்கரை நோய் நரம்புகளைத் தாக்கும்போது நீளமான இழைகள் முதலில் போகின்றன. காலில் எரிச்சலும் மரப்பும் கால்விரல்களில் தொடங்கி மேலேறுவது அதனால்தான். ரத்தத்தில் மிகையாக ஓடும் குளுக்கோஸ் நரம்புச் செல்லுக்குள் வேறு பாதையில் திரும்பி சார்பிட்டாலாகச் சேர்கிறது. புரதங்களோடு ஒட்டி அவற்றைக் கெடுக்கிறது. நரம்புக்கே உணவு கொண்டுபோகும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் அடைக்கிறது. நாம் நினைக்காமலே உள்ளுறுப்புகளை இயக்கும் தன்னியக்க நரம்புகளில் மிக நீளமானது வேகஸ். அதனால் கடிவாளம்தான் முதலில் தளர்கிறது. அப்போது துடிப்பைத் துரத்தும் பரிவு நரம்புகள் மட்டும் மிஞ்சுவதால் ஓய்விலேயே நாடி 90, 100 என்று ஏறி நிற்கும். காலம் போகப் போகப் பரிவு நரம்புகளும் பழுதாகின்றன. அந்தக் கட்டத்தில்தான் கட்டிலிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. எழும்போது காலின் ரத்தக் குழாய்களை இறுக்கிப்பிடிக்க வேண்டிய கட்டளை போய்ச் சேர்வதில்லை.

லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் வீலரும் வாட்கின்ஸும் 1973இல் வெளியிட்ட கட்டுரை இந்த வரலாற்றில் முக்கியமானது. நரம்புச் சேதம் கொண்ட நீரிழிவு நோயாளிகளின் துடிப்புக்குத் துடிப்பு மாறும் வேகத்தைப் பதிவு செய்து, அந்த மாற்றம் அவர்களிடம் அற்றுப்போயிருப்பதைக் காட்டினார்கள். அதை மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவந்தது எடின்பரோ. அங்கே டேவிட் யூயிங்கும் பேசில் கிளார்க்கும் ஐந்து எளிய சோதனைகளை ஒரு தொகுப்பாக்கினார்கள். இன்றும் உலகம் முழுக்க அதற்கு யூயிங் சோதனைகள் என்றே பெயர்.

ஐந்தில் ஆழ்ந்த மூச்சுச் சோதனை ஒன்று. இரண்டாவது இன்னும் எளியது. படுத்திருப்பவரைச் சட்டென்று எழுந்து நிற்கச் சொல்லி ஈசிஜியை ஓடவிட வேண்டும். ஆரோக்கியமான இதயம் எழுந்த உடனே விரைந்து, ஏறக்குறைய பதினைந்தாவது துடிப்பில் உச்ச வேகத்தைத் தொட்டு, முப்பதாவது துடிப்புக்குள் தளர்ந்துவிடும். முப்பதாவது இடைவெளியைப் பதினைந்தாவது இடைவெளியால் வகுத்தால் 1.04 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். 1.00க்கு வந்துவிட்டால் நரம்பு பதில் சொல்லவில்லை. எழுந்து நின்ற அரை நிமிடத்துக்குள் இவ்வளவு நுட்பமான ஓர் உரையாடல் ஒவ்வொருவர் உடலிலும் தினமும் பலமுறை நடக்கிறது, யாருக்கும் தெரியாமல். மூன்றாவது, இத்தாலிய உடற்கூறியலாளர் வால்சால்வா 1704இல் காதைப் பற்றி எழுதிய நூலோடு தொடர்புடைய மூச்சுப் பயிற்சி: பாதரச மானி 40 மில்லிமீட்டரைக் காட்டும் அளவுக்குப் பதினைந்து வினாடி முக்கி ஊத வேண்டும். விழித்திரையில் ரத்தக் கசிவு அபாயம் உள்ளவர்களை இதற்கு உட்படுத்தக் கூடாது. மீதி இரண்டும் ரத்த அழுத்தம் சார்ந்தவை: எழுந்து நிற்கும்போது எவ்வளவு இறங்குகிறது, கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது எவ்வளவு ஏறுகிறது.

எடின்பரோ குழு 1980இல் வெளியிட்ட பின்தொடர் ஆய்வைப் படித்தால் கை நடுங்கும். தன்னியக்க நரம்புச் சேதத்தின் அறிகுறிகள் இருந்த 73 நோயாளிகளை ஐந்து ஆண்டுவரை கவனித்தார்கள். சோதனைகளில் தேறாதவர்களில் இரண்டரை ஆண்டுக்குள் 44 சதவீதம் பேரும், ஐந்து ஆண்டுக்குள் 56 சதவீதம் பேரும் இறந்தார்கள். அத்தனை மரணங்களையும் நரம்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. அவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. சர்க்கரையின் எல்லாச் சேதங்களும் கைகோத்துத்தான் வருகின்றன. ஆனால் எதிர்பாராத திடீர் மரணங்களும் அவற்றில் இருந்தன. அதற்குப் பின் கண்காணிப்பும் சிகிச்சையும் மேம்பட்டு நிலைமை அவ்வளவு கடுமையாக இல்லை. இருந்தும் 2003இல் மேசரும் வைனிக்கும் அவர்கள் குழுவும் 15 ஆய்வுகளின் 2,900 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இதய நரம்புச் சேதம் உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்றே தெரிந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சோதனைகளால் சேதத்தை உறுதி செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 3.45 மடங்கு.

சேதமடைந்த நரம்பு இன்னொரு விதத்திலும் ஆளைக் கைவிடுகிறது. இதயத்தின் வலியை மூளைக்குச் சொல்லும் இழைகளும் இதே நரம்புகளோடு ஓடுகின்றன. அவை பழுதானால் மாரடைப்பு வலிக்காது. அர்ஜென்டினாவில் ஃபார்மானும் உடன் பணியாற்றியவர்களும் 1977இல், வலியில்லாத மாரடைப்பால் இறந்த நீரிழிவு நோயாளிகளின் இதயங்களை நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளிருந்த நரம்புகள் சிதைந்திருப்பதைக் கண்டார்கள். தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்த நோயாளி பழக்கமானவர்தான். நெஞ்சுவலி என்று அவர் சொல்ல மாட்டார். ராத்திரி ஒரே வியர்வை, மூச்சு வாங்கியது, கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன், காலையில் ரொம்பச் சோர்வாக இருந்தது என்பார். ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு வந்து பல மணி நேரம் ஆகியிருக்கும். அடைப்பை நீக்குவதற்கான பொன்னான நேரம் ஓமத் தண்ணீரில் கரைந்திருக்கும். நோயாளியின் அறியாமை என்று அதைச் சொல்வது அநியாயம். எச்சரிக்கை மணியின் கம்பியே அறுந்துபோயிருந்தது. அறுந்திருக்கிறது என்று அதற்கு முன் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சர்க்கரை நோயாளிக்கான ஆண்டுப் பரிசோதனைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இந்த மௌனம் தெளிவாகத் தெரியும். கண்ணுக்கு விழித்திரைப் படம் உண்டு. அதைக் கணினியே படித்து நோயைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2016இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வில் அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா படங்களும் பங்கு வகித்தன. பாதத்துக்கு 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும், பத்து கிராம் மோனோஃபிலமென்ட் இழையும், பெரிய மருத்துவமனையாக இருந்தால் பயோதீசியோமீட்டரும் உண்டு. சிறுநீரகத்துக்கு ஆல்புமின் பரிசோதனை. இதயத்துக்கும் ஈசிஜி எடுக்கிறார்கள். ஆனால் அதில் பழைய மாரடைப்பின் தழும்பு, தசை வீக்கம், துடிப்புக் கோளாறு ஆகியவற்றைத் தேடுகிறார்களே தவிர நரம்பைத் தேடுவதில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலோ, இரண்டாம் வகை நோயாளிகளுக்கு நோய் கண்டறிந்த நாளிலிருந்தும், முதல் வகைக்கு ஐந்து ஆண்டு கழித்தும் தன்னியக்க நரம்புச் சேதத்தின் அறிகுறிகளைக் கவனிக்கச் சொல்கிறது.

சிறு கிளினிக்குகளின் ஒற்றைச் சேனல் இயந்திரத்தில் இன்னொரு இழப்பும் நடக்கிறது. இதயத்தை வெவ்வேறு கோணத்தில் பதியும் ஒவ்வொரு லீடிலும் மூன்று நான்கு துடிப்புகளை வெட்டி அட்டையில் ஒட்டிவிட்டு மீதிச் சுருளைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவார்கள். மாரடைப்பைப் பார்க்க அந்த மூன்று துடிப்புகள் போதும். நரம்பின் கதை இருப்பதோ துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளின் வரிசையில். கூடைக்குப் போவது அதுதான்.

எவ்வளவு சிறிய சுருளில்கூட அந்தக் கதை இருக்கும் என்பதற்கு அக்கார்ட் ஆய்வு சாட்சி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 இரண்டாம் வகை நோயாளிகளிடம், சர்க்கரையை மிகக் கண்டிப்பாகக் குறைத்தால் இதயம் பிழைக்குமா என்று பார்த்தார்கள். கண்டிப்பான குழுவில் மரணங்கள் கூடியதால் 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியை நிறுத்த வேண்டிவந்தது. பிறகு ரோடிகா பாப்-புசுயியும் சக ஆய்வாளர்களும், சேரும்போதே எல்லோருக்கும் எடுத்து வைத்திருந்த சாதாரண ஈசிஜிகளைக் கணினியில் மறுபடி படித்தார்கள். யாரையும் ஆழ்ந்து மூச்சு விடச் சொல்லவில்லை. படுத்திருந்தபடி எடுத்த, சில வினாடிப் பதிவுகள். துடிப்பு இடைவெளிகளின் சிதறலையும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரமான க்யூடி இடைவெளியின் நீளத்தையும் அளந்தார்கள். 8,135 பேரின் பதிவுகளில், நரம்புச் சேதம் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 1.55 முதல் 2.14 மடங்குவரை இருந்தது. கண்டிப்பான குழுவின் கூடுதல் மரணங்களுக்கு நரம்புச் சேதம்தான் காரணம் என்ற ஊகத்தை மட்டும் அந்தக் கணக்கு நிரூபிக்கவில்லை. இரண்டு குழுக்களிலும் அதன் பாதிப்பு ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் வேறு காரணத்துக்காக எடுத்துக் கோப்பில் வைத்திருந்த காகிதம் இவ்வளவு சொல்ல முடிந்தது என்பதே போதுமான செய்தி.

இந்தியாவில் அப்படிப்பட்ட கோப்புகள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய்ச் சர்க்கரையையும் பிரஷரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் பிரஷர் கருவியைக்கொண்டே யூயிங் சோதனைகளில் ஒன்றைச் செய்துவிடலாம்: படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை. மேல் அழுத்தம் 20 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டிய ஆள். உட்காரவைத்து ஒருமுறை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு போனால் இது கண்ணில் படாது.

எதிர்த்தரப்பிலும் வலுவான வாதங்கள் உண்டு. நாடியின் ஏற்ற இறக்கம் வயதோடு குறைவதால் 70 வயதுக்காரருக்கு 30 வயதின் அளவுகோலை வைக்க முடியாது. பீட்டா பிளாக்கர் மாத்திரை, நரம்பு எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், காய்ச்சல், ரத்தசோகை, அப்போதுதான் குடித்த காபி, பிடித்த சிகரெட் எல்லாமே முடிவைக் குழப்பும். சில வினாடிப் பதிவு இன்று ஒன்றும் நாளை ஒன்றும் சொல்லக்கூடும். அதனால்தான் டொராண்டோவில் கூடிய நிபுணர்கள் 2011இல் வெளியிட்ட வரையறைப்படி, ஒரு சோதனையில் தவறினால் சேதம் தொடங்கியிருக்கலாம் என்றுதான் கொள்ள வேண்டும். உறுதி செய்யக் குறைந்தது இரண்டு சோதனைகளாவது தவற வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் வேறு: தெரிந்து என்ன செய்வது? செத்த நரம்பை உயிர்ப்பிக்க மருந்து கிடையாது. அறிகுறி இல்லாதவர்களிடம் போய் நோயைத் தேடுவது வீண் பயத்தைத்தானே தரும்? டியாட் என்ற ஆய்வு இந்தக் கேள்வியின் இரண்டு பக்கங்களையும் காட்டுகிறது. நெஞ்சுவலியே இல்லாத 1,123 நீரிழிவு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதய ரத்த ஓட்ட ஸ்கேன் எடுத்தார்கள். 22 சதவீதம் பேரிடம் சத்தமில்லாத ரத்த ஓட்டக் குறைவு இருந்தது. யாரிடம் இருக்கும் என்று முன்கூட்டியே காட்டியவற்றில் கொலஸ்ட்ராலையும் புகைப்பழக்கத்தையும் விட வலுவாக நின்றது வால்சால்வா சோதனையின் முடிவு. ஆனால் 2009இல் வந்த இறுதி முடிவில், ஸ்கேன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மாரடைப்பு, இதய மரண விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை: 2.7 சதவீதம், 3.0 சதவீதம். அடைப்பைத் தேடி எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பதில் பயனில்லை என்பதை அதற்குப் பிறகு மறுப்பது கடினம். நரம்புச் சோதனையில் தவறியவரை உடனே ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பிப் பில் போடும் ஆபத்து நம்மூரில் உண்மையானது. இந்தச் சோதனை அப்படியொரு வாசலாக மாறிவிடக் கூடாது.

ஆனாலும் 'தெரிந்து என்ன செய்வது' என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. அது நோயாளியின் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. வேகஸ் பழுதானவருக்கு இரைப்பையும் மந்தமாகும். சாப்பிட்டது இறங்காது; நெஞ்சை அடைக்கும், குமட்டும். அதற்கு எளிதாகக் கிடைப்பது டோம்பெரிடோன், பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு ஒரே கேப்ஸ்யூலாக. மாதக்கணக்கில் தினமும் வெறும் வயிற்றில் அதை விழுங்குகிறவர்கள் ஏராளம். இந்த மருந்து ஈசிஜியில் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியது. நீண்டால் இதயம் கட்டுமீறித் துடித்து நின்றுபோகும் அபாயம் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் இதை ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேலும் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. இதய நரம்புச் சேதமும் தன் பங்குக்குக் க்யூடியை நீட்டுகிறது. ஆக, இந்த மருந்து யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ அவருக்குத்தான் இது அதிக ஆபத்து. இடையில் சளி பிடித்து அசித்ரோமைசினும் சேர்ந்துகொண்டால் இரண்டும் ஒரே திசையில் தள்ளும். அதே ஈசிஜிக் காகிதத்தில் க்யூடியையும் அளந்து, 1920இல் பாஸெட் தந்த சூத்திரப்படி நாடி வேகத்துக்குத் திருத்திப் பார்த்துவிட்டால் இந்தச் சங்கமத்தைத் தவிர்க்கலாம். அதற்கு இன்னொரு காகிதம்கூட வேண்டாம்.

லோ சுகர் இன்னொரு காரணம். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் வியர்வையும் தன்னியக்க நரம்புகளின் வழியாக வருகிற எச்சரிக்கைகள். அவை மங்கியவர் எதையும் உணராமல் மயக்கத்துக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவருக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தே தீர்வேன் என்று இன்சுலினையும் கிளிமிபிரைடையும் ஏற்றிக்கொண்டே போவது சரியல்ல. பிரிட்டனில் டாட்டர்சாலும் கில்லும் 1991இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், இரவு நன்றாகத் தூங்கப் போய், காலையில், பெரும்பாலும் கலையாத படுக்கையில், இறந்துகிடந்த 22 இளம் நீரிழிவு நோயாளிகளின் விவரம் இருக்கிறது. இரவில் இறங்கிய சர்க்கரையும் க்யூடி நீண்ட இதயமும் சேர்ந்ததே காரணமாக இருக்கலாம் என்பது பின்னர் வந்தவர்களின் வலுவான ஊகம்.

முன்கூட்டியே தெரிந்தால் தடுக்கவும் முடியும். முதல் வகை நோயாளிகளில் கண்டிப்பான சர்க்கரைக் கட்டுப்பாடு இதய நரம்புச் சேதத்தைப் பாதியாகக் குறைப்பதை 1993இல் முடிந்த டிசிசிடி ஆய்வு காட்டியது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து பதிமூன்று பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் பலன் மறையவில்லை. இரண்டாம் வகைக்கு டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வு: 160 பேர்தான், ஆனால் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, உணவு, நடை, புகை என்று எல்லா முனையிலும் ஒரே நேரத்தில் கவனம் செலுத்தியதில் தன்னியக்க நரம்புச் சேதம் முன்னேறுவது 63 சதவீதம் குறைந்தது. கால் நரம்புச் சேதத்தில் அந்த ஆய்வு வித்தியாசம் எதையும் காணவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காலைவிட இதய நரம்பு காப்பாற்றக் கூடியதாக இருக்கிறது, நேரத்தில் பார்த்தால்.

கைக்கடிகாரங்கள் இன்று நாடி மாறுபாட்டை எண்ணாகக் காட்டுகின்றன. அவை தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்குவதை ஒளியால் பார்ப்பவை. உறங்கும்போது பரவாயில்லை, கை அசைந்தால் தடுமாறும். நோயறியும் கருவியாக அவற்றை நம்புவதற்குமுன், ஊரெங்கும் இருக்கும் ஈசிஜி இயந்திரத்தை முழுமையாகப் பயன்படுத்தலாம்.

அதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. சர்க்கரை நோயாளி எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும் 'ஃபிட்னஸ் வாங்கிட்டு வாங்க' என்று அனுப்புவார்கள். குடலிறக்கமோ கர்ப்பப்பையோ பித்தப்பைக் கல்லோ, ஈசிஜி கட்டாயம். கிளிப் மாட்டியாயிற்று, ஜெல் தடவியாயிற்று, ஆள் படுத்திருக்கிறார். பன்னிரண்டு லீடும் முடிந்த பிறகு இரண்டாம் லீடில் இன்னும் ஒரு நிமிடம் காகிதத்தை ஓடவிட்டு மூச்சை எண்ணச் சொல்வதற்கு வேறெந்த ஏற்பாடும் வேண்டியதில்லை. 1989இல் பர்கோஸும் குழுவினரும் பொது மயக்கத்தில் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைக் கவனித்தார்கள். பிரஷர் விழுந்து அதை ஏற்ற மருந்து தேவைப்பட்டவர்கள் நீரிழிவு இல்லாதவர்களில் 5 சதவீதம். நீரிழிவு நோயாளிகளில் 35 சதவீதம். அந்த 35 சதவீதத்தினரிடம் தன்னியக்க நரம்புச் சோதனைகள் மற்ற நீரிழிவு நோயாளிகளைவிட மோசமாக இருந்தன. கேஸ் ஷீட்டில் 'ஆழ்ந்த மூச்சில் நாடி வித்தியாசம் 5' என்ற ஒரு வரி இருந்துவிட்டால், இரைப்பை காலியாகாமல் இருக்கலாம் என்று மயக்க மருந்து நிபுணர் எச்சரிக்கையாவார். மயக்க மருந்தை மெதுவாக ஏற்றுவார். பிரஷரை ஏற்றும் மருந்தை ஊசியில் நிரப்பிக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வார். வார்டுக்கு மாற்றிய முதல் இரவில் அந்த நோயாளியை மானிட்டரிலிருந்து கழற்ற வேண்டாம் என்று எழுதியும் வைப்பார்.